இன்னும் ஒரு சுற்று

"பாலேந்திரா அண்ணைக்குப் பந்துப் பைத்தியம் முத்திப்போச்சு" என்றார் பொருளாளர் நேசரட்ணம். தலைவர் பாலேந்திரா நேரெதிரே இருப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங் தமிழர் விளையாட்டுக் கழகத்தின் கூட்டம் அது. யூன் கடைசியோடு முடியவேண்டிய உதைபந்தாட்டச் சீசனை இன்னும் ஒரு சுற்று நீட்டவேண்டும் என்று பாலேந்திரா ஒற்றைக்காலில் நின்றார். நாலே நாலு ஊர்க் கழகங்கள் மோதும் சின்னப் போட்டிக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

"யூலையில மைதானத்துக்கு நகரசபை வாடகை கேக்கும். நடுவர்மார் லீவில போயிடுவினம், ஆளைப் பிடிக்கிறதெண்டா இரட்டிப்புக் காசு. எங்கட பெடியளில அரைவாசி ஜெர்மனியில கோயில் தேருக்குப் போகுது. ஆரை வைச்சு விளையாடுறது?" என்றார் நேசரட்ணம்.

"இருக்கிற ஆக்களை வைச்சு விளையாடுவம். வாடகையை நான் பாக்கிறன்."

"சனம் என்ன சொல்லும், அண்ணை? ஊரில எல்லாம் முடிஞ்சு ஒரு மாசமாகேல்லை. இவைக்குப் பந்தடி கேக்குதோ எண்டு சொல்லாதோ?"

அது எல்லார் மனதிலும் கிடந்த கேள்விதான். மே மாதத்தில் வன்னியில் யுத்தம் முடிந்ததிலிருந்து, இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் வார்த்தை "ஏதும் சேதி வந்ததோ?" என்பதாகவே இருந்தது. பாலேந்திராவையும் எல்லாரும் கேட்டார்கள். தம்பி ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான், இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை என்று அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். மனதார நம்பித்தான் சொன்னார்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கோல் காப்பாளர் ஆனந்தராஜா.

"எனக்கும் நீட்டினால் நல்லம். வாடகையில பாதி நான் தாறன்."

வேலை நேரம் ஒத்துவரவில்லை, சீசனைச் சுருக்குங்கள் என்று போன வருடம் சண்டை பிடித்ததே இவன்தான். நேசரட்ணம் அதோடு அடங்கிவிட்டார். பாலேந்திரா அவன் முகத்தைப் பார்க்காமலே கூட்டத்தை முடித்துவைத்தார்.

இந்த நாடகமெல்லாம் ஆனந்தராஜாவுக்காகத்தான். மே கடைசியில் லண்டனிலிருந்து ஒருவர் பாலேந்திராவுக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். ஆனந்தராஜாவின் ஒரே தம்பி வன்னியில் செத்துப்போய்விட்டான், நீங்கள்தான் அவருக்குப் பக்குவமாகச் சொல்லவேண்டும் என்றார்.

இந்தப் பக்குவம் நம்மவர்களைப் பிடித்த வியாதி. பரீட்சை முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று சாவுச் செய்தியை மடியில் கட்டிக்கொண்டு திரிவார்கள். பாலேந்திரா சீசன் முடியட்டும் என்று நினைத்தார்.

ஆனந்தராஜா பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டில் தனிக்கட்டை. தொழிற்சாலை, அறை, ஞாயிற்றுக்கிழமைப் பந்து, இவ்வளவுதான் அவன் சீவியம். "தம்பி இல்லையெண்டா நான் ஆருக்காக இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். ஆட்டமும் இல்லாத ஒரு கிழமையில், அந்த அறைக்குள் இந்தச் செய்தியோடு அவனைத் தனியே விட பாலேந்திராவுக்குப் பயம். அதனால்தான் சீசனை நீட்டினார்.

"ஒரு சாவுக்கு அழ ஆளில்லாமல் வைச்சிருக்கிறியள்" என்றாள் மனைவி தங்கமலர். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யிறேல்லையோ? அந்தப் பாவம் எங்களைச் சும்மா விடுமோ?"

யூலை ஆட்டங்களுக்குப் பார்க்க ஆளில்லை. விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாலேந்திராவுக்குத் தொலைபேசி அடிப்பது போலிருந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற ஆனந்தராஜா, பந்தை விட்டுவிட்டுத் தன்னையே பார்ப்பது போலவும் இருந்தது.

கிரின்ஸ்டெட்டுக்குப் பஸ் குறைவு. ஆட்டம் முடிந்து அவனைக் காரில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். வழி நெடுக இருவரும் வாய் திறப்பதில்லை. செத்தவன் பின் சீற்றில் இருந்து 'இண்டைக்காவது சொல்லுவியளோ?' என்று கேட்பது போல அவருக்குப் பிடரி கூசும். கண்ணாடியில் பின்னால் பார்க்கவே பயப்பட்டார்.

'ஏதும் சேதி வந்ததோ?' என்று ஊரெல்லாம் கேட்கும் அந்தக் கேள்வியை ஆனந்தராஜா மட்டும் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. திருப்பித் தன்னைக் கேட்டுவிடுவார் என்று பயப்படுகிறான், பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசி ஆட்டமும் முடிந்தது. இனி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனந்தராஜாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறக்கப்போனவனின் கையைப் பாலேந்திரா பிடித்தார்.

"ஆனந்தன், ஒரு விசயம் சொல்லோணும். உன்ர தம்பி... கடைசி நாளுகளில பங்கருக்குள்ள ஷெல் விழுந்ததாம். உள்ளுக்கை இருந்த ஒருத்தரும் தப்பேல்லையாம். எனக்கு மே மாதமே தெரியும். உனக்குச் சொல்ல ஏலாமல்தான் சீசனை நீட்டினனான்."

ஆனந்தராஜா வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அப்பவே தெரியும், அண்ணை. வவுனியாவில இருந்து ரெலிபோன் எடுத்துச் சொன்னவங்கள்."

பாலேந்திரா திகைத்துப்போனார். "தெரிஞ்சுகொண்டோ விளையாடினனீ? பிறகேன் நீட்டச் சொல்லிக் கையை உயர்த்தினனீ?"

"உங்களோட ஒரு கதை கதைக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் காருக்குள்ள ஏறேக்கை இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் ஏறினனான். வாய் வரேல்லை."

அவன் அப்போதுதான் அழத் தொடங்கினான். தன் கையைப் பிடித்திருந்த அவர் கைமீது மற்றக் கையையும் வைத்தான்.

"அந்தப் பங்கருக்குள்ள உங்கட தம்பியும் இருந்தவர், அண்ணை."