பக்கத்து வண்டி ஒழுகுதாம்

அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில், வீட்டுவண்டிகளிலேயே குடியிருப்பவர்களின் முகாமில், மழை தூறினாலே டார்லீனுக்கு வயிறு எரியும். கணவர் வெர்ன் உடனே கூரை ஓட்டை அடைக்கும் பசைக்குழாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"பெக்கியோட வீட்டுவண்டி ஒழுகுதாம். பாவம், தனி ஆளு."

"நம்ம வண்டியும் கிழட்டு வண்டிதான். நான் துணி துவைச்சுட்டு வர்றதுக்குள்ள அதோட கூரை ஓட்டையை அடைச்சீங்க. அவளோடது மட்டும் ஒரு மாசமாவா ஒழுகுது?"

"அது பெரிய ஓட்டை, டார்லீன்."

நேற்று அவர் சட்டையில் எலுமிச்சை வாசனை வேறு. இன்று டார்லீன் சற்றுப் பொறுத்து அவர் பின்னால் போய், பெக்கியின் கதவைப் படாரென்று திறந்தாள்.

உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெக்கி காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வெர்ன் எலுமிச்சை சோப்பு நுரையில் அவளுடைய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காத," என்றாள் பெக்கி. "ஏணியில ரெண்டு படி ஏறினாலே இவருக்குத் தலை சுத்துது. உன்கிட்ட சொல்ல வெக்கமாம். உங்க கூரையை அடைச்சது நான்தான். இந்த முகாம்ல யாரு கூலி வாங்குறா? வேலைக்கு வேலைதான். அதான் ஒரு மாசம் பாத்திரம்."

டார்லீனின் பார்வை பளபளத்த வாணலியை விட்டு நகரவில்லை.

"கூரை கிடக்கட்டும்," என்றாள் வெர்னிடம். "கட்டின நாள்லேருந்து என்னைக்காவது எனக்கு ஒரு கப்பு கழுவித் தந்திருக்கீங்களா?"