செருப்பு வார்

தையல் கம்பெனி வேன் காலை வெயிலில் புகை கக்கியபடி வாசலில் நிற்கிறது. செத்துப்போன என் தங்கையின் மகள் என் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கிடக்கிறாள். "இன்னிக்கும் வரலேன்னா உன் மெஷின்ல வேற ஆளைப் போட்டுருவாங்களாம்க்கா," என்கிறாள் ஜன்னலோரப் பெண். "அண்ணனைப் பிள்ளை பாக்கச் சொல்லேன், தேஞ்சா போயிருவாரு?" வேனே சிரிக்கிறது. மூட்டை தூக்கும் என் கூலியைவிட என் மனைவியின் சம்பளம் அதிகம். பிள்ளையை நாமே வளர்ப்போம் என்று ஊர் முன்னால் பெருமையாகச் சொன்னவன் நான். இப்போது குனிந்து, மாட்டிய செருப்பு வாரைக் கழற்றி மறுபடி மாட்டுகிறேன். மனைவி என்னைப் பார்ப்பது பிடரியில் உறைக்கிறது. "போங்கடி, போங்க," என்கிறாள் கடைசியில். வேன் கிளம்பிவிடுகிறது. பிள்ளை அதற்கு டாட்டா காட்டுகிறாள். "உங்களுக்கும் நேரமாச்சுல்ல?" என்று மனைவி என் சோற்றுத் தூக்கை நீட்டுகிறாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.