விரல் பொறுக்கும் சூடு

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்றாள்.

அவர் மீட்டரைப் பார்த்தார். நாற்பத்தாறு டிகிரி.

பாலில் ஒரு பக்கம் அவருடைய சென்சார் கம்பி. மறுபக்கம் மனைவியின் ஆள்காட்டி விரல்.

தயிர் உறைய வைக்க ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். பால் பதமான சூட்டுக்கு வந்ததும் உள்ளே ரிலே 'டிக்' என்று விழுந்து ஹீட்டரை அணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் சர்க்யூட் பாலைப் பால்கோவாவாக்கித் தெருவையே மணக்க வைத்தது. இரண்டாவது, பாலுக்கு ஜலதோஷம் பிடிக்கும்வரை சும்மா கிடந்தது.

நாற்பத்திரண்டு டிகிரி என்று புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தை யார் கேட்டார்கள்? அவள் விரல் பட்டு உறைந்த தயிரை வெட்ட அரிவாள்மணை வேண்டும். சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊர்வலமே போகலாம். அந்த விரல் சொல்லாமல், பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை அவர் தொடமாட்டார்.

ஒரு மாதமாகத்தான் எதுவும் உறையவில்லை.

பால்காரரைத் திட்டினாள். வெயிலைத் திட்டினாள். நான்கு வீட்டு உறைமோர் வாங்கிப் பார்த்தாள்.

சர்க்கரை வியாதியில் அவள் பாதம் மரத்து இரண்டு வருஷம். செருப்பு கழன்று தெருவில் கிடந்தாலும் தெரியாது. "கைக்கு வந்துட்டா அடுப்படியை மறந்துடணும்மா" என்று டாக்டர் சொன்னபோது, பத்து விரலையும் அந்த டாக்டரின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு வந்தவள்.

ஐம்பத்திரண்டு. விரலை விட்டு எடுத்தாள்.

"இன்னும்."

மீட்டரைத் தட்டினார். தன் சால்டரிங்கின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தார்.

எல்லாம் சரியாக இருந்தது.

ஐம்பத்தெட்டு.

இந்த முறை விரலை விட்டவள் எடுக்கவில்லை.

"இதான் பதம். இங்க நிறுத்துங்க."

பாலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, ரொம்பச் சூடா?"

அவர் தன் விரலைப் பாலில் விட்டார்.

எடுக்கவில்லை.

"இல்லையே" என்றார்.

மறு கை, திருகைக் குறைக்க, மேசைமேல் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது.