அப்பாவை விற்றவன்

கென்யாவின் கிசுமு நகரத்து ஏரிக்கரையில் வீடியோ கேம் கடையின் தகரக் கூரை மதிய வெயிலில் காந்துகிறது. திரையின் பச்சை வெளிச்சம் அவினோவின் முகத்தில் விழுகிறது. செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது இங்குள்ள லுவோ இனத்தின் வழக்கம். புதுப் பிள்ளை பிறக்காத வீட்டில், அவளும் தம்பி ஒமோலோவும் செத்துப்போன அப்பா ஒதேராவின் பெயரைத் தங்கள் கால்பந்து கேம் அணியின் கோல்கீப்பருக்கு வைத்தார்கள். அந்தக் கோல்கீப்பரை நேற்று ஒமோலோ விற்றுவிட்டான். “அப்பாவையாடா வித்த?” “வயசாயிடுச்சுக்கா. பந்தே பிடிக்க மாட்டேங்குறாரு. அவரைக் குடுத்துதான் புது ஃபார்வர்டு வாங்கினேன்.” “உனக்கு ஃபார்வர்டு ஒரு கேடா?” அவள் விரல்களில் மந்தாசி ரொட்டி பொடிப்பொடியாக உதிர்கிறது. இன்று, அவரை வாங்கிய எதிரணியின் வலைக்கு முன்னால் நிற்பவர் ஒதேரா. ஒமோலோவின் புது ஃபார்வர்டு பெனால்டி அடிக்கிறான். ஒதேரா பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். அவினோ மேசையை ஓங்கி அறைகிறாள். “பிடிப்பாருடா. உனக்காகப் பிடிக்க மாட்டாரு.”