மூடிக்குள் கீறிய பெயர்

சகாயமேரி கிராமபோன் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்பக்கம் கீறியிருந்த பெயரை விரலால் தடவிக் காட்டினாள். அருள்.

உப்பளக் கூலி தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில், பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆன்லைனில் விற்றவன் போனை அணைத்துவிட்டான். பார்சல் போட்ட இடத்தை விசாரித்து விசாரித்து மரக்காணம் உப்பளக் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டாள். அறுபது வயதுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது.

பாட்டு வரவில்லை என்று சண்டை போடுவாள், அதை விற்ற முதலாளியைக் கைகாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான்.

அவள் கேட்டது தம்பி அருளை.

வீட்டுக் கிராமபோனில் தன் பெயரையே கீறிவிட்டு, நான் இல்லை என்று சாதித்தானாம். அப்பா அடித்தார். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். முப்பத்தைந்து வருடமாக ஒரு கடுதாசி இல்லை.

பழைய கிராமபோன் விற்கிறவர்களுக்கெல்லாம் எழுதிப்போட்டாள்: மூடிக்குள் 'அருள்' என்று இருந்தால் என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன். பத்தாம் நாள் ஒருவன் படம் அனுப்பினான்.

அனுப்பாமல் இருப்பானா? ஐப்பசி பிறந்தால் உப்பளத்தில் வேலை ஏது. புதுப் பித்தளைக் குழல்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் களிம்பு ஏற்றுவதுதான் அப்போது தேசப்பனின் பிழைப்பு. நூறு வருடத்துப் பழசு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். முதலாளி போனில் சொல்லச் சொல்ல, அந்தப் பெயரையும் ஆணியால் கீறியது அவன்தான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் பக்கத்து ஊர் அனுமந்தை வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பாவம் சுமக்க முடியவில்லை. பிழைப்பு போனால் போகட்டும்.

"அந்தப் பேர நான்தாம்மா கீறினேன்" என்றான்.

சகாயமேரி திரும்பினாள். புரை விழுந்த கண்ணால் அவன் நெற்றியை, மூக்கை, நரைத்த மீசையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெயிலும் உப்பும் தின்ற முகத்தில் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கையிலிருந்த பெட்டி நழுவி விழுந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் அவன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அன்னிக்கே அப்பாகிட்ட சொல்லியிருந்தா போதுமேடா."