காது உயரம்

"எந்த எடத்துல உக்காந்து கேப்பீங்க சார்?"

அவன் சோபாவைப் பார்த்தான்.

ஸ்பீக்கர்களுக்குப் பாட்டை அனுப்பும் புது ரிசீவரை மாட்ட வந்த ஜெயசீலன் கையில் ஒரு சின்ன மைக். கேட்பவர் இடத்தில் அதை வைத்தால் ரிசீவர் தானே ஓசை எழுப்பும், தானே அளக்கும், இரண்டு ஸ்பீக்கரையும் அந்த இடத்துக்குத் தக்கபடி சமன் செய்துகொள்ளும்.

"ஒரு எடத்துக்குத்தான் கரெக்டா வரும். மத்த எடத்துல ஒரு பக்கம் தூக்கலாத்தான் கேக்கும்."

ஸ்பீக்கர்கள் பழையவை. அவன் மனைவி தேர்ந்தெடுத்தவை. கடையில், புது ரிசீவருக்குப் பொருத்தமாகப் புது ஸ்பீக்கர்களையும் காட்டினார்கள். அவன் பழைய ஸ்பீக்கரின் முதுகைப் போட்டோ எடுத்துப் போயிருந்தான். அதில் நான்கு ஓம்ஸ் என்றிருந்தது. இதைத் தாங்குகிற ரிசீவர் எதுவோ அது போதும் என்றான்.

பழைய ரிசீவர் போன மாதம் புகைந்து நின்றது. இப்போது கதவோரம் கிடந்தது. அதன் பேலன்ஸ் குமிழ் இன்னும் இடது பக்கம் திரும்பியிருந்தது, இடது ஸ்பீக்கர் தூக்கலாகக் கேட்க. குமிழுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி.

அவளுடைய நகப்பூச்சு. யார் திருப்பினாலும் மறுபடி அங்கேயே கொண்டுவந்து நிறுத்த.

அவளுக்கு வலது காது கேட்காது.

அதனால் சோபாவின் வலது ஓரம் அவளுடையது. கேட்கிற காது அவன் பக்கம் இருக்கும்.

"எங்கிட்ட ஒரு காதுதான்டா இருக்கு. பாட்டு பேசட்டும், நீ வாய மூடு."

இடது ஓரம் அவனுடையது. ஒன்பது வருடம் எல்லாப் பாட்டையும் அவன் கோணலாகத்தான் கேட்டான். வயலின் காதுக்குள் ஏறும். தபேலா அடுத்த வீட்டிலிருந்து வரும்.

அவள் இறந்து பதினொரு மாதம். குமிழை அவன் தொடவில்லை.

"சார்?"

வலது ஓரத்தைக் காட்டினான்.

ஜெயசீலன் அங்கே ஸ்டாண்டை நிறுத்தி மைக்கைப் பொருத்தினார். "காது உயரத்துக்கு வரணும். கொஞ்சம் உக்காருறீங்களா?"

அவன் உட்காரவில்லை. காற்றில் கையை நீட்டி ஓரிடத்தில் நிறுத்தினான்.

ஜெயசீலன் அந்தக் கையைப் பார்த்தார். அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க உயரத்துக்கு இது ரொம்பக் கம்மி சார்."

கை ஏறவில்லை.

ஜெயசீலன் ஸ்டாண்டைத் தாழ்த்தினார்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். டிவி திரையில் எழுத்து வந்தது.

சத்தம் அதிகம். மீண்டும் அளக்கவும்.

ஜெயசீலன் சுற்றிலும் பார்த்தார். பிறகு, மூச்சு விம்மிக்கொண்டிருந்த அவனைப் பார்த்தார். உடனே குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு வயரைச் சரிசெய்தார்.

"கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா சார்? ரெண்டு நிமிஷம்தான்."

படிக்கட்டில் நின்றான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஓசை எழுந்தது.

இடது. அமைதி.

வலது. அமைதி.

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல.

ஜெயசீலன் போன பிறகு ஒரு பாட்டைப் போட்டான். இடது ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

வயலின் காதுக்குள் ஏறியது. தபேலா அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

அவளிடம் ஏதோ சொல்ல வலப்பக்கம் திரும்பினான்.

வாயை மூடிக்கொண்டான்.