களிம்புக்குத் தெரிந்தது

ஐயாத்துரைக்கு முதுகு முழுக்கச் சொரியாசிஸ். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் அவரோடு பையில் போய்வரும் ஒரே ஆள், டாக்டர் கொடுத்த களிம்பு டியூப்தான்.

ஒருநாள் அவர் முதுகு தீயில் வாட்டியதுபோலச் சிவந்து கொப்பளித்தது. இது யார் பார்த்த வேலை? டியூபுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த, ஐயாத்துரை முதுகில் புதிதாகத் தேய்க்கத் தொடங்கியிருந்த நாட்டு மருந்தான கார்போகரிசி எண்ணெயை விசாரித்தது.

"நிழல்ல இருக்கிறவரை நான் பரம சாது. வெயில் பட்டாத்தான் எரிப்பேன். அவரு வெயில்லயே போறதில்லையே!" என்றது எண்ணெய். "டாக்டர் திட்டுவாருன்னு என்னை இங்க ஒளிச்சு வச்சிருக்காரு."

கிளினிக்கில், ஒளி சிகிச்சை விளக்கைக் கேட்டது.

"எப்பவும்போல ரெண்டு நிமிஷம்தான் எரிஞ்சேன். வெயிலைவிட நான் கொஞ்சம் காட்டம், அவ்வளவுதான்" என்றது விளக்கு. "எண்ணெயா? யாரு அது?"

டியூபுக்கு விளங்கிவிட்டது.

அதற்குள் டாக்டர் முதுகைப் பார்த்துப் பதறினார். "வேற ஏதாவது தடவுறீங்களா?"

"இல்லீங்கய்யா, நீங்க குடுத்த களிம்பு மட்டும்தான்."

'பொய்!' என்று டியூப் கத்தியது. இறுக்கிய மூடியைத் தாண்டிச் சத்தம் வெளியே வரவில்லை.

"அப்ப அதுதான் ஒத்துக்கல. தூக்கிப் போட்டுடுங்க. புண்ணு ஆறினதும் லைட்டுக்கு வாங்க."

வீட்டு ஜன்னலுக்கு வெளியே எறியப்பட்டுக் கிடந்த டியூபுக்கு, சில வாரம் கழித்து ஐயாத்துரை மனைவியிடம் பேசுவது கேட்டது.

"கோமதி, இன்னிக்கு லைட்டுக்குப் போகணும். களிம்புதான் இல்லியே, எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாவே தேய்ச்சு விடு."